மெட்ஃபார்மினா, கிளிமிபிரைடா? நடக்கிறவர்கள் பார்க்க வேண்டிய வித்தியாசம்

சர்க்கரை நோய்க்கு மாத்திரையா, நடையா என்ற சண்டைக்கு 2002-லேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் எடைக்குறைப்புமாக இருந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். ஏற்கெனவே நோய் வந்தவர்கள் இந்தக் கணக்கை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இது வருமுன் தடுப்பது பற்றியது.

சரி, மாத்திரையும் வேண்டும், நடையும் வேண்டும் என்றால், எந்த மாத்திரையோடு நடக்கிறோம் என்பதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை.

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலில் வேலை செய்கிறது, அங்கிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையைக் குறைக்கிறது. அதிக இன்சுலின் சுரக்கச் சொல்லிக் கணையத்தை விரட்டுவதில்லை. அதனால் இதை மட்டும் எடுப்பவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நடந்தாலும் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு அப்படியில்லை. சுகரை நன்றாகவே குறைக்கும், ஆனால் சர்க்கரை ஏற்கெனவே இறங்கியிருக்கும்போதும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில், உழைக்கிற தசை இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பக்கத்தில் இருப்பவர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுவோம். சுகர் 70-க்குக் கீழே (mg/dL) போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இதற்கு ஷூ மாட்டிக்கொண்டு நடக்கப் போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வீடு முழுக்க ஒட்டடை அடித்து, அலமாரியை நகர்த்தி, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட நாளே போதும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு அந்தப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் அழுத்தமாக. நடக்கப் போகும் முன் தொடையில் ஊசி போட்டால் அது வேகமாக உறிஞ்சப்படும், மாலையில் கடுமையாக உழைத்தால் நள்ளிரவில்கூட சுகர் இறங்கலாம்.

மற்ற சர்க்கரை மருந்துகள் பற்றிச் சுருக்கமாக: சிட்டாகிளிப்டின் மெட்ஃபார்மின் போலவே சாது. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை, கூடவே நீரும் போகும் என்பதால் வெயிலில் நடப்பவர் தண்ணீரை மறக்கக் கூடாது. செமாகுளுடைடில் எடையோடு தசையும் கரைகிறது, அதற்கு நடை மட்டும் போதாது, எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

தேர்வு நம் கையில் இருந்தால், தினமும் ஓடியாடி வேலை செய்கிறவருக்கு மெட்ஃபார்மின் பக்கம்தான் என் ஓட்டு, சிறுநீரகம் இடம்கொடுக்கிற வரை. கிளிமிபிரைடுதான் என்றாகிவிட்டால் வெறும் வயிற்று நடையை விட்டு, சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள், சுகர் ஏறுகிற நேரமும் அதுதான். அப்புறம், நடை கூடியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று அவர் பார்க்கட்டும்.