"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்று சொல்லி என்னை ஏமாற்றிய கதை

நான் முன்பணம் கொடுத்து ஏமாந்த மனை, அதே படத்தோடு மறுபடியும் விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. தொலைபேசி எண் மட்டும்தான் வேறு. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலீட்டுக்காக இடம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பே 2 நல்ல இடங்கள் கைநழுவிப் போயிருந்தன. வக்கீல் பத்திரத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நான் காத்திருந்த நேரத்தில், கையில் பணத்தோடு வந்தவர்கள் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆதங்கத்தைப் புரோக்கரிடம் நானே கொட்டியிருந்தேன். என்னை எங்கே தட்டினால் அசைவேன் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்றாவது மனையைப் பார்க்கப் போனபோது, எங்களுக்கு முன்னால் ஒருவர் எல்லைக்கல்லைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரும் இதுக்குத்தான் சார் வந்திருக்கார். ராத்திரிக்குள்ள டோக்கன் போட்டுடுறேன்னு சொல்றார்" என்றார் புரோக்கர், காதருகில். விலை அக்கம்பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ரொம்பக் குறைத்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். அன்று மாலையே முன்பணத்தை அனுப்பிவிட்டேன்.

அந்த அவசரத்தில் நான் விட்டது என்னென்ன? பார்த்தது பத்திரத்தின் நகலை மட்டும். அசலைக் கேட்டதற்கு, ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், அசல் லாக்கரில் இருக்கிறது என்றார்கள். விற்க வந்தவர் பவர், அதாவது தன் சார்பில் விற்க ஓனர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்திருக்கும் ஏஜென்ட். பணம் போனதோ ஓனர் கணக்குக்கும் இல்லை, ஏஜென்ட் கணக்குக்கும் இல்லை. புரோக்கர் சொன்ன மூன்றாவது ஆளின் கணக்குக்கு. ரசீதில் எந்த மனை, எந்தத் தேதிக்குள் பத்திரப்பதிவு, வில்லங்கம் இருந்தால் பணம் திரும்ப வருமா, ஒன்றுமே எழுதவில்லை.

10 நாள் கழித்து வக்கீல் கூப்பிட்டார். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாக அத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு விற்கும் உரிமை வாரிசுகளுக்குத்தான். அசல் பத்திரம் லாக்கரிலும் இல்லை, கடனுக்கு ஈடாக வங்கியில் இருந்தது. அசலைக் கண்ணில் காட்டாமல் நகலையே நீட்டுகிறார்கள் என்றால், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பத்திரத்தை எங்காவது அடகு வைத்திருக்கிறார்களா?

புரோக்கரைத் தேடிப் போனேன். அலுவலகம் பூட்டியிருந்தது. வாசலில், அன்று எல்லைக்கல் பக்கம் நின்றவர் உட்கார்ந்திருந்தார். அவரும் முன்பணம் கொடுத்தவர்தான். "நீங்கதான் ராத்திரிக்குள்ள முடிக்கப் போறதா சொன்னாங்க" என்றார் என்னைப் பார்த்து. அவருக்குக் காட்டப்பட்ட போட்டி நான், எனக்குக் காட்டப்பட்ட போட்டி அவர். அப்படியே வாயடைத்துப் போய் இரண்டு பேரும் நின்றோம்.

போட்டி உண்மையாகவே இருக்கலாம், அதை மறுக்கவில்லை. அதற்கு நான் இப்போது செய்வது வேறு. இடம் பார்க்கும் முன்பே வக்கீலைப் பேசி வைத்துக்கொள்கிறேன், கடன் எவ்வளவு கிடைக்கும் என்றும் கேட்டு வைக்கிறேன். இதனால் பத்திரத்தைச் சரிபார்க்க முன்பு ஆனதில் பாதி நாள்கூட ஆவதில்லை. ஆவணங்களை விற்பவர் தருவதை நம்பாமல் பதிவு அலுவலகத்திலிருந்து நேரடியாக எடுக்கச் சொல்கிறேன். ஓனரை நேரில், முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது, அடையாள அட்டையோடு பார்க்காமல் நகர்வதில்லை. அந்த இடத்தின் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் பேசுகிறேன். ஓனர் இறந்த விஷயத்தை அன்றே அவர்களிடம் கேட்டிருந்தால் 5 நிமிடத்தில் தெரிந்திருக்கும். பணம் பத்திரத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டும்தான். கடைசி நேரத்தில் கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயிலோ குறுஞ்செய்தியோ வந்தால், அதில் இருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணில் கேளுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. இதே மாதிரி யாராவது கொடுத்திருந்தால் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், பேசிய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். எங்கள் புகாரில் முதலில் கேட்டது அவற்றைத்தான்.