18 அடியா, 22 அடியா? லேனியர் ஏரியில் பாண்டூன் படகு

அட்லாண்டா பக்கம் பாண்டூன் (மிதக்கும் அலுமினியக் குழாய்கள் மேல் தட்டையான தரை வைத்த படகு) வாங்கக் கிளம்புகிற எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை பேர் உட்காரலாம்?" அதற்குப் பதில் ஸ்டீயரிங் அருகே ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கிறது. பெரும்பாலும் 18 அடிக்கு 8, 9. 22 அடிக்கு 11, 12. கேட்க வேண்டியது வேறு: சாயங்காலக் காற்றில் அதை டாக்கில் (படகுத்துறையில்) கொண்டுவந்து கட்ட முடியுமா?

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு போக இதைவிடத் தோதான படகு கிடையாது. மற்ற படகுகளில் விளிம்பைத் தாண்டி, சீட்டில் கால் வைத்து உள்ளே இறங்க வேண்டும். புடவை கட்டியவர்களுக்கு அது பெரும்பாடு. இதில் பக்கக் கதவைத் திறந்தால் டாக்கும் படகின் தரையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். 22 அடியில் நடுவே ஜமுக்காளம் விரித்துப் புளியோதரை பரிமாறலாம். 18 அடியில் ஐஸ் பெட்டியை வைத்ததுமே கால் நீட்ட இடம் போய்விடும்.

தகட்டில் 12 என்றிருந்தால் மனதில் 8 என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பவுண்டுக் கணக்கும் இருக்கும். எது முதலில் நிரம்புகிறதோ அதுதான் வரம்பு. எல்லோரும் முன்சோபாவில் போய் உட்கார்ந்திருக்க, சனிக்கிழமை மதியம் பெரிய படகு ஒன்று அலை கிளப்பிவிட்டுப் போனால், படகின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும். அந்த நேரத்தில் பதறி த்ராட்டிலை (வேகக் கைப்பிடியை) ஒரேயடியாகப் பின்னால் இழுத்து வேகத்தைக் குறைத்தால் மூக்கு இன்னும் அமுங்கும். அலை வருமுன்பே வேகம் குறைத்து, இரண்டு பேரைப் பின்னால் அனுப்பி, அலையைச் சாய்வாக வாங்க வேண்டும். மூன்று குழாய் வைத்த படகில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் ஜார்ஜியாவில் சட்டப்படி கட்டாயம்.

இனி காற்று. எத்தனை வருடம் ஓட்டினாலும் எரிச்சல் தீராத விஷயம் இது. குழாய்கள் தண்ணீருக்குள் கொஞ்சம்தான் அமிழ்ந்திருக்கும். அடியில் பிடிமானம் இல்லை. மேலேயோ சுற்றிலும் வேலித்தகடு, தலைக்கு மேல் பிமினி என்கிற நிழல் துணி. பாய் கட்டிய மாதிரிதான். மோட்டார் கனம் பின்னால் இருப்பதால் காற்று முதலில் மூக்கைத்தான் தள்ளும். 22 அடியில் தள்ளுவதற்கு இன்னும் நான்கு அடி வேலி கூடுதல்.

கரையை நெருங்குமுன் பிமினியை மடக்கிவிடுங்கள். கியரை ஒரு நொடி போட்டு, உடனே நியூட்ரல். அப்படியே தவணை தவணையாக வாருங்கள். காற்று டாக்கை நோக்கி அடித்தால் நான்கைந்து அடி தள்ளி இணையாக நிறுத்துங்கள், மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொள்ளும். டாக்கிலிருந்து வெளியே அடித்தால் 40 டிகிரி சாய்வில் வந்து முன்கயிற்றை முதலில் மாட்டி, ஸ்டீயரிங்கை டாக் பக்கம் முழுக்கத் திருப்பி, ரிவர்ஸைத் தொட்டுவிட்டு எடுங்கள். பின்பக்கம் தானே ஒட்டும். தடுக்கிறேன் என்று யாரும் காலை நடுவில் நீட்டக் கூடாது.

ஃபெண்டரை (படகு டாக்கில் இடிக்காமல் தடுக்கும் மெத்தை உருளையை) வேலியின் மேல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. காற்றில் அது ஆடி விலகும். மெல்லிய அலுமினியத் தகடு டாக் கட்டையில் உரசி நசுங்கும். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தினால் கோடு தெரியும், தகட்டையே மாற்ற வேண்டியதுதான். வேலியின் அடிக்காலில் கட்டி, தரை விளிம்பு மட்டத்தில் ஃபெண்டர் நிற்கும்படி வையுங்கள்.

இழுத்துப் போகும் வண்டியையும் பாருங்கள். டொயோட்டா சியன்னா மினிவேன் இழுக்கக்கூடியது 3,500 பவுண்டு. 18 அடிப் படகு, மோட்டார், டிரெய்லர் எல்லாம் சேர்த்து பெரும்பாலும் அதற்குள் அடங்கும். மூன்று குழாய் 22 அடி அடங்காது.

இவ்வளவு புலம்பியும் 18 அடி வாங்குங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் நாலு பேர் மட்டும் என்றால் 20 அடி, 90 குதிரைத்திறன், போதும். அம்மா அப்பா வந்து ஆறு மாதம் தங்குகிற வீடா? 22 அடியே வாங்குங்கள், கூடவே நாலு பெரிய ஃபெண்டரும்.