நாகர்கோவில் ஸ்லீப்பர் பஸ்ஸும் சிங்கப்பூர் விமானமும்

நாகர்கோவிலிலிருந்து சென்னை கிளாம்பாக்கம் வரை சுமார் 700 கிலோமீட்டர், ஆம்னி பஸ்ஸில் மேல் பெர்த். ஏசி துவாரத்தின் மூடி உடைந்து, யாரோ செய்தித்தாளைத் திணித்து வைத்திருந்தார்கள். மதுரை தாண்டியதும் அது என் முகத்தில் விழுந்தது. அப்புறம் விடியும்வரை நெற்றியில் குளிர்காற்றுதான். போர்வையில் ஊறுகாய் வாசம் வேறு. ஆனால் ஓட்டுநர் தங்கமானவர். விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தியபோது, “பிளைட்டுக்கு லேட் ஆகாதுண்ணே” என்றார். ஆகவில்லை.

விமானம் வங்கக்கடலுக்கு மேல் அரைமணி நேரம் குலுங்கியது. சீட் பெல்ட் விளக்கு எரிந்ததும் காபி வண்டியை உள்ளே தள்ளிவிட்டார்கள், சரியாக எனக்கு முந்தைய வரிசையோடு. பக்கத்து இருக்கைப் பாட்டி “முருகா, முருகா” என்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குலுக்கல் நின்றதும் காபி வந்தது, சூடாகவே.

விமானத்துக்கு நாலு நட்சத்திரம். பஸ்ஸுக்கு இரண்டு, இரண்டும் ஓட்டுநருக்கு.