ஃபைனல் கட் புரோ எக்ஸும் அதன் போட்டியாளர்களும்: எடிட்டர்களின் கோபம் எதன்மீது?

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் லாஸ் வேகஸில் படத்தொகுப்பாளர்கள் நிறைந்த ஓர் அரங்கில் ஆப்பிள் நிறுவனம் படம் தொகுக்கும் ஃபைனல் கட் புரோ எக்ஸ் மென்பொருளை முன்னோட்டமாகக் காட்டியபோது எழுந்த கைத்தட்டலுக்கும், ஜூன் 21 அன்று அது விற்பனைக்கு வந்ததும் கிளம்பிய கோபத்துக்கும் இடையே பத்து வாரங்களே இருந்தன. மேடையில் காட்டியவை எல்லாம் மென்பொருளில் இருந்தன. மேடையில் பேசப்படாதவைதான் சிக்கலாயின. அந்தக் கோபத்தில் இரண்டு வெவ்வேறு குறைகள் ஒன்றாகக் கலந்திருந்தன என்பதும், இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அன்றைய மாற்று வழிகளைச் சரியாக எடைபோட முடியும் என்பதும் என் கணிப்பு. முதல் குறை, காட்சிகளையும் ஒலியையும் நேர வரிசையில் அடுக்கும் டைம்லைனின் அமைப்பே மாறிவிட்டது என்பது. இரண்டாவது, தொகுத்த படத்தை அடுத்த மேசைக்கு அனுப்பும் வழிகள் அடைபட்டன என்பது.

அந்தக் கோடையில் ஓர் எடிட்டர் முன் நான்கு வழிகள் இருந்தன: ஃபைனல் கட்டின் முந்தைய ஏழாம் பதிப்பிலேயே தங்கலாம், எக்ஸுக்குத் தாவலாம், அடோபியின் பிரீமியர் புரோவுக்கு மாறலாம், அல்லது அவிட் மீடியா கம்போசருக்குப் போகலாம்.

ஏழாம் பதிப்பில் தங்குவது வசதியாகத் தோன்றினாலும், 2009இல் வந்த அந்த மென்பொருள் அப்போதே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. அது 32 பிட் மென்பொருள் என்பதால் கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுத்த காட்சிகளைத் தொகுப்புக்கு ஏற்ற புரோரெஸ் வடிவத்துக்கு மாற்றிய பிறகே நிம்மதியாக வெட்ட முடியும்; மாற்றங்களைக் கணித்துப் படமாக்கும் ரெண்டர் ஓடும்போது எடிட்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆப்பிள் அதைத் திருத்தி எழுதாமல் அடியோடு புதிதாக எழுதியதற்கு நியாயம் இருந்தது. ஆனால், புதியது வந்த அன்றே பழையதன் விற்பனையை நிறுத்தியதற்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. பத்து இருக்கைகள் கொண்ட ஓர் எடிட்டிங் கூடம் பதினோராவது இருக்கைக்கு அதே மென்பொருளை வாங்க முடியாத நிலை ஒரே நாளில் வந்தது.

இனி எக்ஸின் டைம்லைன். பழைய முறையில் கிளிப் எனப்படும் ஒவ்வொரு காட்சித் துண்டும் ஒலித் துண்டும் டிராக் என்ற ஒரு கிடைவரிசையில், ஒரு நேரப் புள்ளியில் நிற்கும். நடுவிலிருந்து ஒரு ஷாட்டை உருவினால், எந்தெந்த டிராக் நகர வேண்டும், எது நகரக் கூடாது என்பதை எடிட்டரே பூட்டுப் போட்டுக் கவனிக்க வேண்டும். கவனம் தவறினால், பத்து நிமிடம் தள்ளி எங்கோ இருக்கும் வசனம் உதட்டசைவிலிருந்து விலகியிருக்கும். எக்ஸில் முதன்மைக் கதைவரிசை என்ற ஒற்றைக் கோடு மட்டுமே முதுகெலும்பு. இசை, ஒலி விளைவு, மேலே வரும் இணைக்காட்சி எல்லாம் அந்தக் கோட்டிலுள்ள ஏதோ ஒரு ஷாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ஷாட்டை நகர்த்தினால் அவையும் கூடவே நகரும், இடித்துக்கொண்டால் தாமாகவே மேலோ கீழோ விலகி வழிவிடும். இடைவெளியும் விழாது, ஒத்திசைவும் கலையாது. நேர்காணல்களை வெட்டி அடுக்கும் ஆவணப்படக்காரர்களும், மாலைக்குள் செய்தித் துணுக்கை முடிக்க வேண்டியவர்களும் இதை விரைவிலேயே விரும்பத் தொடங்கியதில் வியப்பில்லை.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் கொதித்தார்கள்? டிராக் என்பது வெறும் இடம் அல்ல, அது ஒரு பொருளும்கூட என்பதால்தான். முதல் நான்கில் வசனம், அடுத்த நான்கில் ஒலி விளைவு, அதற்கும் கீழே இசை என்று ஒரு கூடத்தில் வழக்கம் இருந்தால், ஒலிக்கலவை செய்பவர் கோப்பைத் திறந்த கணமே எது எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்வார். கிளிப்புகள் தாமாக மேலும் கீழும் விலகும் டைம்லைனில் அந்த ஒழுங்கு கரைந்துபோகிறது. ஆப்பிள் இதற்கு மாற்றாக, ஒவ்வொரு கிளிப்புக்கும் வசனம், இசை, விளைவு என்று முத்திரை குத்தும் ரோல்ஸ் வசதியை 2011 செப்டம்பரில் வந்த 10.0.1 பதிப்பில் கொடுத்தது. இடத்தால் அடையாளம் காண்பதைவிடப் பெயரால் அடையாளம் காண்பது செம்மையான சிந்தனைதான். ஆனால், அந்தப் பெயர்களின்படி டைம்லைன் கண்ணுக்குத் தெரியும் வரிசைகளாக அடுக்கப்பட 2016இல் 10.3 பதிப்பு வர வேண்டியிருந்தது. சிந்தனைக்கும் அது கண்ணுக்குத் தெரிவதற்கும் இடையே ஐந்தாண்டுகள் என்றால், தொழில்செய்பவர் காத்திருக்க மாட்டார்.

இரண்டாவது குறை இதைவிடக் கடுமையானது. அதில் ரசனைக்கு இடமே இல்லை. வெளியான அன்று எக்ஸால் ஏழாம் பதிப்பின் கோப்புகளைத் திறக்க முடியவில்லை. தொகுப்பு விவரங்களை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் எக்ஸ்எம்எல் இல்லை, இடிஎல் இல்லை, ஒலிக்கூடத்துக்கு அனுப்பும் ஓஎம்எஃப் இல்லை. பல கேமராக்களை ஒருங்கே வெட்டும் மல்டிகேம் இல்லை. ஒளிபரப்புத் தரத் திரையில் படத்தைப் பார்க்க முறையான வழி இல்லை. டேப்பிலிருந்து எடுப்பதும் டேப்பில் பதிவதும் பெயரளவுக்கே இருந்தன. தனியாக எடுத்து, தனியாக வெட்டி, இணையத்தில் ஏற்றுபவருக்கு இவற்றுள் பெரும்பாலானவை தேவையே இல்லை. ஆனால் வண்ணம் சீர்செய்பவர், ஒலிப்பதிவாளர், தொலைக்காட்சி நிலையம் என்று கைமாறிப் போகும் ஒரு படத்தில் எடிட்டரின் மேசை நடுவழிதான். அந்த வழியை அடைத்துவிட்ட கருவி எவ்வளவு வேகமாக ஓடினாலும் அங்கே பயனில்லை.

இந்தப் பட்டியலை ஆப்பிள் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எக்ஸ்எம்எல் மூன்று மாதத்தில் வந்தது. மல்டிகேமும் ஒளிபரப்புத் திரைக்கான தொடக்கநிலை வசதியும் 2012 ஜனவரியில் 10.0.3 பதிப்பில் வந்தன. மூலத்தையும் தொகுத்ததையும் அருகருகே பார்க்கும் இரட்டைத் திரை அதே ஆண்டு அக்டோபரில் திரும்பியது. 2013 டிசம்பரில் 10.1 பதிப்பு லைப்ரரி முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, இணைத்திருந்த எல்லா வட்டுகளிலும் உள்ள எல்லா வேலைகளும் ஒரே பட்டியலில் தெரிந்தன. ஒரு வாடிக்கையாளர் பக்கத்தில் அமர்ந்திருக்கும்போது இன்னொருவரின் படம் கண்ணில் படுவது எவ்வளவு சங்கடம் என்பதை எடிட்டர்களிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

பிரீமியர் புரோவுக்கு இந்த இடைவெளி தானாக வந்து வாய்த்தது எனலாம். 2010இல் வந்த சிஎஸ்5 பதிப்பிலேயே அது 64 பிட்டுக்கு மாறியிருந்தது. மெர்க்குரி என்று அடோபி பெயரிட்ட அதன் இயக்க எந்திரம் கேமராக் கோப்புகளை மாற்றாமலேயே ஓட்டியது. அன்று முழு வேகத்துக்கு என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டை தேவைப்பட்டது மேக் பயனர்களுக்கு ஒரு தடைதான். டிராக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஃபைனல் கட் விசைப்பலகை அமைப்பைக்கூட ஒரு தேர்வாக வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏழாம் பதிப்பிலிருந்து எக்ஸ்எம்எல்லாக எடுத்த ஒரு வேலையை ஆப்பிளின் புதிய மென்பொருள் திறக்காதபோது அடோபியின் மென்பொருள் திறந்தது. போட்டியாளரிடமிருந்து மாறுவோருக்குப் பாதி விலை என்று அடோபி அறிவித்ததும் பலர் மறுயோசனை இல்லாமல் கிளம்பிவிட்டார்கள். 2013 மே மாதத்தில், இனிச் சந்தா மட்டுமே என்று அதே நிறுவனம் அறிவித்தபோது அவர்களில் எத்தனை பேர் பெருமூச்சு விட்டார்களோ!

அவிட் வேறு வகை. 1989 முதல் இருந்துவரும் அதன் முகப்பு பழையது, கற்பதும் கடினம், விலை அன்று இரண்டாயிரம் டாலருக்கு மேல். ஃபைனல் கட் வைத்திருந்தோருக்கு மட்டும் 995 டாலருக்குத் தந்தார்கள். ஆனால் பல எடிட்டர்களும் உதவியாளர்களும் ஒரே சேமிப்பகத்திலிருந்து ஒரே படத்தில் வேலை செய்வதில், ஒருவர் திறந்த காட்சிக் கோப்புறையை (அவிட் மொழியில் ‘பின்’) மற்றவர் கெடுத்துவிடாமல் காப்பதில், அதற்கு அன்று இணை இல்லை. மறுவடிவமைப்பு என்ற பொருளில் ஒப்பிட வேண்டியது இன்னொன்றும் உண்டு. 2010இல் அவிட் தன் டைம்லைனில் ஃபைனல் கட் பாணியில் இழுத்துப் போடும் ஸ்மார்ட் டூலைச் சேர்த்தபோது, பழைய கைகள் முணுமுணுத்தன. ஆனால் அதை அணைத்துவைக்க ஒரு பொத்தான் இருந்ததால் முணுமுணுப்பு அதோடு நின்றது.

விலையைப் பொறுத்தவரை அன்று எக்ஸ்தான் முன்னணி: 999 டாலருக்கு விற்ற முழுத் தொகுப்பின் இடத்தில் 299.99 டாலர், அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேலாகக் கட்டணமில்லாப் புதுப்பிப்புகள். தனியாக வேலை செய்பவருக்கு 2012க்குப் பிறகு நான் எக்ஸையே சொல்வேன். ஒலிக்கும் வண்ணத்துக்கும் வெளியே அனுப்பும் சிறு கூடத்துக்குப் பிரீமியர். பல கைகள் புழங்கும் பெரிய படத்துக்கு அவிட்.

இதே அனுபவம் ஆப்பிளுக்குப் புதிதல்ல என்பதுதான் வியப்பு. 2007இல் வீட்டுப் பயனர்களுக்கான ஐமூவி தொகுப்பு மென்பொருளைப் புதிதாக எழுதியபோதும் இதே போல் எதிர்ப்பு எழ, முந்தைய பதிப்பைப் புதியதை வாங்கியோருக்கு இலவசமாகவே தரவிறக்கத் தந்தார்கள். பிற்காலத்தில் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தது பிளாக்மேஜிக் நிறுவனம்தான். 2019இல் தன் தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வின் 16ஆம் பதிப்பில் விரைவாக வெட்டுவதற்கென்று கட் என்ற புதிய பக்கத்தைச் சேர்த்தபோது, பழைய எடிட் பக்கத்தை அது தொடவே இல்லை; பிடிக்காதவர் புதிய பக்கத்தைத் திறக்காமலேயே வேலையை முடித்துவிடலாம்.

ஏழாம் பதிப்பை விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு 2017இல் மேக்கின் ஹை சியரா இயங்குதளம் முற்றுப்புள்ளி வைத்தது. அதில் அந்த மென்பொருள் திறக்கவே இல்லை. தங்கள் பழைய வேலைகளை எக்ஸ்எம்எல்லாக எடுத்துவைக்காதவர்கள், அவற்றைத் திறப்பதற்காகவே ஒரு பழைய மேக்கைப் புதுப்பிக்காமல் ஓரமாக வைத்திருக்க நேர்ந்தது.