கோடியக்கரையில் ஒரு சுற்று நடை

வான்கூவரில் பதினாறு ஆண்டுகளாக வார இறுதிதோறும் காட்டுப் பாதைகளில் நடந்து பழகிய நான், திருத்துறைப்பூண்டியில் பிறந்து வளர்ந்தும் கோடியக்கரைக் காட்டைக் கார் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருந்தேன். இந்த ஜனவரியில் ஊருக்கு வந்தபோது, காட்டுக்குள் புகுந்து, புல்வெளியைக் கடந்து, கடற்கரையோரமாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் ஒரு சுற்றை அண்ணன் மகனுடன் நடந்து முடித்தேன். போக நினைப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் அனுமதி. வெளிமானைக் காப்பதற்காக 1967இல் சரணாலயமாக்கப்பட்ட இடம் இது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நினைத்த நேரத்தில் நுழைந்து நடந்துவிட முடியாது. அண்ணன் முதல் நாளே வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசியதால் வேலை சுலபமாக முடிந்தது. "வண்டியில போனா ஒரு மணி நேரத்துல பாத்துடலாமே சார், எதுக்கு நடக்குறீங்க?" என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். எங்களுடன் வருவதற்கு ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரையும் அனுப்பினார்கள். காட்டுக்குள் தடங்கள் பலவாகப் பிரிவதால், அவர் இல்லாமல் என் கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால் முதல் பிரிவிலேயே தவறியிருப்பேன்.

போக்குவரத்தில்தான் சறுக்கினோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு 2023இல் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், அங்கிருந்து கோடியக்கரை இன்னும் தொலைவு. விடியலில் காட்டில் இருக்க வேண்டுமென்று வாடகைக் கார் சொல்லியிருந்தோம். ஐந்து மணிக்கு வர வேண்டிய கார் ஏழு பத்துக்கு வந்தது. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார். முன்பணம் வாங்கியவர்களோ தொலைபேசியையே எடுக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தின் விலையைப் புல்வெளியில் வெயிலாகக் கொடுத்தோம். முடிந்தால் முதல் நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள்.

எங்கள் நடை ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர், நான்கு மணி நேரம். கனடாவில் ஒரு பாதை கடினமா எளிதா என்பதை ஏற்றத்தை வைத்துச் சொல்வார்கள். இங்கே சரணாலயத்திலேயே உயரமான இடமான ராமர் பாதம் கடல் மட்டத்திலிருந்து சுமார் நான்கு மீட்டர்தான். இரண்டு பாதச் சுவடுகள் பதித்த கல் அங்கே இருக்கிறது. ஆகவே மூச்சு வாங்க வைப்பது மேடு அல்ல, காலை உள்ளிழுக்கும் மணலும் மழைக்காலத்துக்குப் பின் காயாமல் கிடக்கும் சேறும்தான். கணுக்காலை மூடும் காலணி அவசியம். செருப்போடு வந்த அண்ணன் மகன் வழியெல்லாம் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

காடு பழைய மணல் மேடுகளின் மேல் நிற்கிறது. பள்ளங்களில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் தேங்கிப் பின் புல்லாகிறது. ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத, அதிகம் உயராத மரங்கள். அவற்றில் பாலை மரமே மிகுதி. கோடையில் வந்தால் பாலைப்பழம் கிடைக்கும், அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று காவலர் ஆசை காட்டினார். 2018 கஜா புயலில் சாய்ந்த ஒரு மரம், படுத்த வாக்கிலேயே நான்கைந்து கிளைகளை நேராக மேலே அனுப்பியிருந்ததையும் காட்டினார்.

மரங்கள் விலகிப் புல்வெளி திறந்த இடத்தில் அவர் கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்தினார். தரையில் வட்டமாகக் குவிந்திருந்த புழுக்கைகளைக் காட்டி, ஆண் வெளிமான் தன் எல்லையை இப்படித்தான் அறிவிக்கும் என்றார். சற்றுத் தள்ளி அந்த எல்லைக்காரரே நின்றார்: மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு. காரிலிருந்து எத்தனையோ முறை பார்த்த மான்தான். ஆனால் அது மூக்கால் விடும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். வெளியின் ஓரங்களில் சீமைக் கருவேல் நெருங்கி வருவது கவலையாக இருந்தது. மட்டக்குதிரைக் கூட்டம் ஒன்று எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்தது.

அதன்பின் கடல். கிழக்கே வங்காள விரிகுடாவும் தெற்கே பாக் நீரிணையும் பார்த்திருக்கும்படி கரை திரும்பும் மூலை இது. 2004 ஆழிப்பேரலையில் விழுந்த சோழர் கால கலங்கரை விளக்கத்தின் செங்கல் எச்சங்களைப் பார்த்துவிட்டு, ஈர மணலில் ஊரை நோக்கி நடந்தோம். உலர்ந்த மணலைவிட அது எளிது. வழியில் குடிநீரோ கழிப்பறையோ எங்களுக்குத் தென்படவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுபோயும் கடைசி அரை மணி நேரம் தாகத்தோடுதான் நடந்தோம்.

நுழையும்போது காவலர் எங்கள் தண்ணீர் பாட்டில்களை எண்ணியிருந்தார்: ஆறு. வெளியே வந்ததும் மீண்டும் எண்ணினார்: ஐந்து. ஒன்றும் சொல்லாமல் நின்றார். கலங்கரை விளக்க மேட்டில் வைத்து மறந்த ஆறாவது பாட்டிலை எடுத்துவர அண்ணன் மகன், முள் குத்திய காலோடு, அவருடன் திரும்பி நடந்தான்.