7 கிலோ பையா, 23 கிலோ பெட்டியா? சேலத்திலிருந்து வெளிநாடு கிளம்புவோருக்கு

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் விமானம் உண்டு. வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. அதனால் நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சிக்கோ, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கோ, ரயிலேறிச் சென்னைக்கோ போயாக வேண்டும். கேபின் பையோடு மட்டும் கிளம்புவதா, செக்-இன் பெட்டியும் கொண்டு போவதா என்று யோசிக்கும்போது இந்த முதல் சில மணி நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பத்துப் பதினைந்து நாள் சுற்றிவிட்டு வருவதற்கு 7 கிலோ பை போதும். மகன், மகள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்குப் பெட்டிதான் சரி. இதுவே என் கட்சி.

பையின் சொந்த எடை

எகானமி வகுப்பில் பெரும்பாலான விமானங்கள் கேபினுக்குள் 7 கிலோதான் விடுகின்றன. திருச்சியிலிருந்து பறக்கும் ஏர் ஏசியாவில் தோளில் மாட்டும் சின்னப் பையும் அந்த ஏழுக்குள் அடக்கம். ஸ்கூட்டில் இரண்டும் சேர்த்து 10 கிலோ. பையின் எடையும் இதில் சேரும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சக்கரம் வைத்த கெட்டி டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ நிற்கும். நல்ல துணியில் தைத்த முதுகுப்பை ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். மிச்சமாகும் அந்த இரண்டு கிலோவில் நாலு பருத்திச் சட்டையும் இரண்டு பேன்ட்டும் அடங்கிவிடும். துணியைக் குறைப்பதற்கு முன்னால் பையை மாற்றிப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விமான நிலையத் தரையில் டிராலி வழுக்கிக்கொண்டு போகும். புதிய பஸ் ஸ்டாண்டில் அதைத் தூக்கித்தான் ஆக வேண்டும், பஸ் படியிலும் அப்படியே. பெங்களூரில் இறங்கி, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போகும் வாயு வஜ்ரா பஸ்ஸுக்கு மாறும்போது இரண்டு கையும் காலியாக இருப்பது பெரிய நிம்மதி. முதுகுவலி, தோள்வலி உள்ளவர்கள் மட்டும் இதில் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அவர்களுக்கு டிராலியே நல்லது.

துணியில் முதல் எதிரி ஜீன்ஸ். ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோ வரை இழுக்கும், துவைத்தால் ஒரு நாளில் காயாது. டர்க்கி டவலும் அந்த ரகம்தான். நம் ஈரிழைத் துண்டு ராத்திரி அலசிப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடும். மூன்று செட் உடுப்பு, மாற்றி மாற்றித் துவைத்துக் கட்டுவது, கனமான ஷூவைக் காலில் போட்டுக்கொள்வது என்று இருந்தால் ஆறு கிலோ தாராளம். பெண்களுக்குப் பட்டுச்சேலைதான் சிக்கல். ஜரிகை நிறைந்த ஒரு கல்யாணப் பட்டு முக்கால் கிலோவைத் தாண்டும். விசேஷத்துக்குத்தான் போகிறோம் என்றால் இளம்பிள்ளை மென்பட்டு ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

“எதற்கும் இருக்கட்டும்” என்று கடைசி நேரத்தில் திணிக்கும் குடை, இரண்டாவது செருப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் வேண்டியதில்லை. சிங்கப்பூரில் முஸ்தபா சென்டரில் கிடைக்காதது குறைவு. மருந்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தங்கும் நாள் அத்தனைக்கும் எடுத்து, மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி ஜெயிக்கும் இடம்

நம் ஊர்ப் பெட்டியின் கனம் பெரும்பாலும் நம்முடையதல்ல. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கான ஜவ்வரிசி வடாம், ஏற்காட்டுக் காபித்தூள், மிளகு, பருப்புப்பொடி, ஊறுகாய். இதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இதை 7 கிலோ பையில் திணிப்பதும் வீண்வேலை. கேபினில் திரவம் எதுவானாலும் 100 மில்லி புட்டியில்தான் போக வேண்டும், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய்க்கு அங்கே வழியில்லை. அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிக்குத் தனிச் சோதனை உண்டு. பெட்டியில் வைத்தாலும் எல்லாம் செல்லாது. மல்கோவாவையும் கறிவேப்பிலையையும் அமெரிக்காவில் பிடுங்கிவிடுவார்கள். கசகசா துபாயில் சட்டப்படி குற்றம், மசாலாப் பொடியில் அரைத்துக் கலந்திருந்தாலும் கொண்டு போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் எந்தத் தின்பண்டத்தையும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும்.

அமெரிக்காவுக்குப் பொதுவாக 23 கிலோவில் இரண்டு பெட்டி அனுமதி. காமலாபுரத்திலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தால் அந்த அனுமதி அங்கே செல்லாது. உள்நாட்டு எகானமிக்குப் பொதுவாக 15 கிலோதான், மேலே உள்ளதற்குக் காசு கட்ட வேண்டும். இரண்டும் ஒரே டிக்கெட்டாக அமையாவிட்டால், இரண்டு பெட்டிக்காரர்கள் ரயிலிலோ காரிலோ போவதே மேல்.

பெட்டி தொலையும் பயம் நியாயமானது. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, 2024 டிசம்பர் முதல் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு) வரை இழப்பீடு கேட்கலாம். சேதமானால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். பேத்திக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசும் நகையும் கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்க்கைப் பெட்டியில் வைக்கவே கூடாது. 100 வாட் ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி இல்லாமல் கேபினில் கொண்டு போகலாம், 20,000 எம்ஏஎச் அதற்குள் அடங்கும்.

குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டையும் கலந்துகொள்ளலாம். ஆளுக்கொரு முதுகுப்பை, எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு பெட்டி. மலிவுக் கட்டண விமானங்களில் போகும்போது ஒன்றும் வாங்காமல், திரும்பும் பயணத்துக்கு மட்டும் 20 கிலோ சேர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. அதை டிக்கெட் எடுக்கும்போதே இணையத்தில் கட்டிவிடுங்கள், கவுண்டரில் கேட்கும் தொகை அதைவிட மிக அதிகம்.