தினமும் எழுத எது கைகொடுக்கும்? தூண்டுதல் வரிகள், மின்னூலகங்கள், சட்டைப்பை நோட்டு

தினமும் எழுத உட்காருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் பெரிய சிக்கல் இருக்காது. மனதில் ஏற்கெனவே கிடப்பதே போதும். அது தீர்ந்ததும் "இன்றைக்கு எதை எழுதுவது?" என்ற கேள்வி வந்து நிற்கும். அதற்குப் பொதுவாக மூன்று வழிகள் சொல்வார்கள்: ப்ராம்ப்ட் எனப்படும் தூண்டுதல் வரிகள், பழைய நூல்கள் கிடைக்கும் மின்னூலகங்கள், கூடவே வைத்துக்கொள்ளும் குறிப்பு நோட்டு. நான் நோட்டின் பக்கம். மற்ற இரண்டும் எனக்குத் துணைக்குத்தான்.

தூண்டுதல் வரிகளுக்குச் செலவில்லை, தேட வேண்டியதில்லை. ஒரு பட்டியலைத் திறந்தால் முப்பது நாளுக்குத் தலைப்பு கிடைத்துவிடும். ஆனால் "ஒரு மழை நாள்", "பிரிவு" மாதிரியான வரிகள் பொருளைத்தான் தருகின்றன, விவரத்தைத் தருவதில்லை. விவரம் கைவசம் இல்லாதபோது கை தானாகவே எல்லோரும் எழுதியதை நோக்கிப் போகும்: மழை என்றால் தேநீர், பஜ்ஜி, ஜன்னலோரம். இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. தலைப்பை நிபந்தனையாக மாற்றிக்கொள்ளுங்கள். நனையக்கூடாத ஒரு பொருளை ஒருவர் மழையில் தூக்கிக்கொண்டு போகிறார். "மழை" என்ற சொல்லே வரக்கூடாது. 150 சொற்களுக்குள் முடிய வேண்டும். இப்படிக் கட்டிப்போட்டால்தான் மூளை வேலை செய்யத் தொடங்கும்.

எண்ணிக்கை இலக்குகளும் இந்த வகைதான். அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய நவம்பர் நாவல் சவாலின் (NaNoWriMo) கணக்கு, மாதத்துக்கு 50,000 சொற்களாக இருந்தது. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,667. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் மூச்சு முட்டும். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக வருவது நமக்கு "வந்துகொண்டிருந்தவர்களுக்காக" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. தொடங்குகிறவர்களுக்கு 250 சொற்கள், இல்லாவிட்டால் அரை மணி நேரம் போதும்.

மின்னூலகங்கள் உண்மையிலேயே பெரிய சொத்து. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் உரைநடை வரை தட்டச்சு செய்த எழுத்தாகவே கிடைப்பதால், ஒரு சொல்லைப் போட்டுத் தேட முடியும். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நிறைய. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளின் பக்கப் படங்கள் இருக்கின்றன. ஈழத்து எழுத்துக்கு 'நூலகம்' (noolaham.org) என்ற இணையதளம்தான் முதலிடம். இதழ்கள், சிறப்பு மலர்கள், ஊர் வரலாறுகள் என்று வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காதவை அங்கே உண்டு. சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

எழுத்துப் பயிற்சிக்கு இவற்றில் காவியங்களைவிடப் பள்ளி ஆண்டு மலர்களும் பழைய இதழ்களின் விளம்பரப் பக்கங்களும் அதிகம் உதவும். அன்றைய விலை, பண்டங்கள், மரியாதைச் சொற்கள், எதற்கெல்லாம் மக்கள் கவலைப்பட்டார்கள் என்பது வரை அங்கே தெரியும்.

இந்த வழியில் கெடுவது மூன்று இடங்களில். ஒன்று, வாசிப்பே எழுதும் நேரத்தைத் தின்றுவிடும். இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு, தொடர்ந்து பழைய உரைநடையை வாசித்தால் அதன் ஓசை நம் வாக்கியத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று, பக்கப் படமாக இருக்கும் பிடிஎஃப்பில் சொல்லைப் போட்டுத் தேட முடியாது. பக்க எண்ணை அப்போதே குறிக்கவில்லை என்றால் அந்த வரி போனது போனதுதான். கோப்பை இறக்கியவுடன் ஆண்டு, நூற்பெயர், பக்கம் என்ற வரிசையில் பெயர் மாற்றி வையுங்கள்.

இனி நோட்டு.

சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு போதும். பால்பாயிண்ட் பேனா நல்லது; ஜெல் மை வியர்வையில் கரைந்து பரவும். வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள், இடப்பக்கம் காலியாக இருக்கட்டும். ஏன் என்று கீழே வரும்.

நோட்டு வைத்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் கைவிடுவதற்குக் காரணம், குறிப்பு மிகச் சுருக்கமாக இருப்பதுதான். "ரேஷன் கடை, பாட்டி, சோகம்" என்று எழுதினால் பத்து நாள் கழித்து அதில் ஒன்றுமே இருக்காது. "சோகம்" என்பது நம் தீர்ப்பு. தீர்ப்பு மட்டும் தாளில் இருக்கிறது, பார்த்தது மறைந்துவிட்டது. அதே காட்சியை இப்படி எழுதலாம்: "ரேஷன் கடை, மாதக் கடைசி, காலை 11. கைரேகை விழவில்லை. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். 'பாத்திரம் தேச்சே ரேகை போயிடுச்சு சார்.' பின்னால் நிற்பவர்கள் பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுகிறார்கள்." இடம், நேரம், ஒரு செயல், சொன்னது சொன்னபடி ஒரு வாக்கியம். இந்த நான்கும் இருந்தால் ஆறு மாதம் கழித்தும் குறிப்பு உயிரோடு இருக்கும்.

ஆனால் எழுதி வைப்பது பாதி வேலைதான். இந்த ஒப்பீட்டில் எதையும்விட முக்கியமாக நான் நினைப்பது பராமரிப்பு. தூண்டுதல் வரிகளுக்குப் பராமரிப்பே கிடையாது, அதனால் எதுவும் சேர்வதும் கிடையாது; நாளைக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். மின்னூலகத்தில் இறக்கியவை குவியும், ஆனால் அவை இன்னொருவர் பார்த்தவை. நோட்டுக்கு வாரம் அரை மணி நேரம் செலவழித்தால் ஆறே மாதத்தில் உங்களுக்கென்று ஒரு கிடங்கு உருவாகிவிடும். அந்த அரை மணியைக் கொடுக்காவிட்டால் நோட்டு வெறும் கிறுக்கல்.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்த வாரக் குறிப்புகளை முழுக்க வாசியுங்கள். படிக்கும்போது மறுபடி காட்சியாக எழுவதற்கு மட்டும் ஒரு டிக். இருபது குறிப்பில் நாலைந்து தேறினால் நல்ல வாரம். தேறியவற்றைப் பெரிய நோட்டுக்கோ ஒரே ஒரு கோப்புக்கோ மாற்றி, ஐந்தாறு வரிக்கு விரியுங்கள். நினைவு ஈரமாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். நாள் தள்ளத் தள்ள வாசனையும் குரலும் மங்கிக்கொண்டே போகும், கருத்து மட்டும் மிஞ்சும். பிறகு சின்ன நோட்டின் காலி இடப்பக்கத்தில் இரண்டு கேள்விகள். ரேகைக் குறிப்புக்கு: ரேகை விழாமல் அவருக்கு வேறு எதெல்லாம் கிடைக்காமல் போகும்? அவருக்குப் பதிலாக யார் வருவார்கள்? மறுநாள் எழுத உட்காரும்போது இந்தக் கேள்விதான் தூண்டுதல் வரி. வெளியிலிருந்து வரும் எந்தப் பட்டியலும் இவ்வளவு துல்லியமாக இருக்காது.

தேறாதவற்றைக் கிழிக்க வேண்டாம். நோட்டு முடிந்ததும் அட்டையில் எண்ணும் தொடக்க, முடிவுத் தேதிகளும் எழுதி வைத்தால் போதும். நடுவில் மூன்று வாரம் விட்டுப்போனால் எல்லாவற்றையும் பெரிய நோட்டுக்கு மாற்ற முயலாதீர்கள். கடைசிப் பத்து நாளை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். பாக்கியை அடைக்க உட்கார்ந்தால் பயிற்சியே நின்றுவிடும்.

கைப்பேசியில் குறித்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும். பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு அதுதான் வழி. வாட்ஸப்பில் தனக்கே அனுப்பிக்கொள்வதைவிட ஒரு குறிப்புச் செயலி மேல். வாட்ஸப்பில் குறிப்புகள் இணைப்புகளுக்கும் படங்களுக்கும் நடுவே புதைந்துவிடும். குரல் தட்டச்சைப் பேச்சு வழக்குக்கு நம்ப வேண்டாம். "போயிடுச்சு" சில நேரம் "போய்விட்டது" ஆகிவிடும், நிறுத்தக்குறிகளும் பெரும்பாலும் விழாது. வட்டார வழக்குக்காகவே குறிக்கும் வரியை அது சமதளமாக்கிவிடும். அந்த வரியை மட்டும் கையால் தட்டுங்கள்.

எல்லோருக்கும் நோட்டு பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. வரலாற்றுப் புனைவு எழுதுகிறவர்களுக்கு மின்னூலகம்தான் முதல் வழி. வீட்டைவிட்டு அதிகம் வெளியே போக முடியாதவர்களுக்கு நிபந்தனை வைத்த தூண்டுதல் வரிகள் நன்றாகவே உதவும். கவிதை எழுதுகிறவர்களுக்கு வாரந்தோறும் குறிப்புகளை இப்படி மாற்றி எழுதுவது எந்த அளவு பயன்படும் என்பதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. நான் சொல்வதெல்லாம் உரைநடையை வைத்துத்தான்.

நோட்டில் வருகிறவர்கள் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள். குறிப்பில் உண்மைப் பெயர் இருக்கலாம், பெரிய கோப்புக்கு மாற்றும்போதே பெயரையும் ஊரையும் தொழில் விவரங்களில் ஒன்றையும் மாற்றிவிடுங்கள். கதை முடிந்த பிறகு மாற்ற உட்கார்ந்தால் எங்காவது ஒரு வரியில் பழைய பெயர் தப்பி நிற்கும்.